நான் சொல்லாத சாட்சி

இன்று மகள் பேரில் மனை பதிந்துவிட்டு வந்தேன் மாமு. பதிவு அலுவலகத்தில் வைத்த மை கட்டைவிரலில் அப்படியே இருக்கிறது. சோறு பிசையும்போது அந்த வாசனை வந்தது, கூடவே நீயும் வந்துவிட்டாய். செத்தும் என் சாப்பாட்டைக் கெடுக்கிறாய் பார்.

எர்ணாவூரில் உன் மனையை எனக்கு விற்றாயே, நினைவிருக்கிறதா? துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை இறக்கிய தோஸ்து என்று நம்பினேன். டீக்கடை பெஞ்சில் முத்திரைத்தாளை விரித்து, நாலு பெரியவர்களைச் சாட்சி வைத்து எழுதினோம். நம் பக்கம் பாதி ஜனம் அப்படித்தான் வாங்கியது, விற்றது. "பதிஞ்சுடலாமே" என்றேன். "நமக்குள்ள இன்னாத்துக்கு மாமு ஆபீஸு? என் நாக்குதான் பத்திரம்" என்று தோளில் கை போட்டாய்.

அதில் நான் கட்டிய வீட்டில் கப்பல் வந்து மோதினாலும் கப்பலுக்குத்தான் சேதம். எண்ணூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். பூசின சுவர் காய்வதற்குள் ஒருவன் பதிவுப் பத்திரத்தோடு வந்து நின்றான். அதே மனையை அவனுக்கு முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தாய். கோர்ட்டில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: "பதியாத பேப்பரு செல்லாது ஐயா." நீதிபதியும் அதையேதான் சொன்னார். பிரித்தெடுத்த ஜன்னல் சட்டத்தைத் தலையில் சுமந்துகொண்டு என் பெண்டாட்டி தெரு வழியே நடந்தாள். எட்டாவது வரை படித்த நான் அன்றைக்கே முக்கால் வக்கீலாகிவிட்டேன்.

அந்த முக்கால் வக்கீல் நேராகக் காத்திவாக்கத்தில் உன் இரண்டு தங்கைகளிடம் போனான். திருவொற்றியூரில் நீ குடியிருந்தது உங்கப்பா வீடு. நகையை அவர்கள் எடுத்துக்கொண்டு, வீட்டை உனக்கு விட்டதாக எழுதிய பாகப்பிரிவினைக் கூர்ச்சீட்டு மட்டும் பதிந்ததா என்ன? "உங்க அண்ணனே கோர்ட்டுல சொல்லிச்சும்மா, பதியாத பேப்பரு செல்லாதாம்" என்றேன்.

பெரியவள் சிரித்தாள். "அப்போ எங்க பாகம் இன்னும் கீதுன்னு சொல்லுண்ணே!"

பாகம் கேட்டு வழக்குப் போட்டார்கள். அப்புறம்தான் நீ என் வாசலுக்கு வந்தாய். அந்தச் சீட்டுக்குச் சாட்சிகளில் உயிரோடு மிச்சம் நான் ஒருவன்தான். பாகம் முன்பே வாய்ப்பேச்சில் முடிந்துவிட்டது, சீட்டு ஞாபகத்துக்கு எழுதியது என்று நான் சொன்னால், அதற்குப் பதிவு தேவையில்லை, நீ தப்பலாம் என்றாராம் உன் வக்கீல்.

"ஒரே ஒரு வாட்டி வந்து சொல்லு மாமு, இல்லாங்காட்டி வூடு பூடும்."

"நமக்குள்ள இன்னாத்துக்கு மாமு கோர்ட்டு?" என்று கதவைச் சாத்தினேன். அந்தச் சத்தம் ராயபுரம் வரை கேட்டதாம்.

வீடு விலைபோய் மூன்று பாகமானது. நீ எம்.கே.பி. நகரில் ஒற்றை அறையில் வாடகைக்குக் கிடந்து செத்தாய். பாடையை முன்னால் பிடித்தவன் நான்தான். நட்பு என்றால் இதுதான் என்று ஊரே மூக்கைச் சிந்தியது. உன் மனைவி மட்டும் என் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுண்ணே. அது நிம்மதியா போவட்டும்."

கையை உருவிக்கொண்டு பாடைக்குத் தோள் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தை இன்னும் என் வாயில்தான் இருக்கிறது மாமு. தரமாட்டேன்.