இரைமீன்களுக்கு ஒரு சான்றிதழ்

விண்டர்கிரீன் ஏரி, மின்னசோட்டா
12 ஜனவரி 2011

அன்புள்ள லோர்னா,

போன் பண்ணினால் எடுக்கமாட்டாய், அதனால் கடிதம். நலமா? ஏரி நன்றாக உறைந்துவிட்டது. ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க வருகிறவர்கள் தூண்டிலில் மாட்ட இரைமீன் கேட்டு நம் கடை வாசலில் நிற்கிறார்கள்.

வருஷா வருஷம் போல நோய்ச் சோதனைக்கு ஒரு பெட்டி பொடிமீன் அனுப்பியிருக்கிறேன். நம் வீட்டுப் படகுத்துறைக்கு அடியில் கூண்டில் வளர்ந்தவைதான். உன் ஆய்வகம் சான்றிதழ் தந்தால்தான் விற்கமுடியும், சீக்கிரம் பார்.

நீ டுலூத்துக்குப் போன நவம்பரிலிருந்து வீட்டில் நானும் ரேடியோவும்தான். உன் காப்பிக் கோப்பை கொக்கியிலேயே தொங்குகிறது. "உன் பொண்டாட்டி எப்ப வர்றா?" என்று ஊரே கேட்கிறது. "ஐஸ் உடையட்டும், வந்துடுவா" என்று சொல்லிவைத்திருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உன் டுவேன்

டுலூத்
2 பிப்ரவரி 2011

அன்புள்ள டுவேன்,

உன் கடிதம் வந்த அன்றே ஊருக்குக் கிளம்பக் கட்டிலுக்கு அடியிலிருந்த துணிப்பெட்டியை வெளியே இழுத்து வைத்தேன். அவ்வளவு ஆசை எனக்கு.

மீன்களுக்கு நோய் இல்லை. ஆனால் ஆண்மீன்களின் ரத்தத்தில் முட்டைக்கருச் சத்து ஊறியிருக்கிறது. பெண்மீனுக்கு மட்டுமே ஊற வேண்டியது அது. தண்ணீரில் கலந்த மருந்து, மீன் மூச்சுவிடும்போதெல்லாம் செவுள் வழியே உள்ளே போகும். ஈரலையும் பார்த்தேன். அதில் இருப்பது கருத்தடை மாத்திரையின் மருந்து. வீட்டுக் கக்கூஸ் தண்ணீர் சேரும் செப்டிக் டேங்கிலிருந்து வரும் குழாய் கூண்டுக்கு மேலேயே ஒழுகுகிறது, நான் இருந்தபோதே சரிசெய்கிறேன் என்றாய்.

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஆறு வருஷமாகிறது. ரேடியோ மாத்திரை சாப்பிடுமா, டுவேன்?

குழாயை மாற்றும்வரை சான்றிதழ் கிடையாது. துணிப்பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

லோர்னா

விண்டர்கிரீன் ஏரி
9 மார்ச் 2011

லோர்னாவுக்கு,

பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்தவன் மனசைப் படிக்கத் தெரியவில்லை, மீன் ஈரலைப் படிக்கிறாய். சரி, கேட்டுக்கொள். அவள் பெயர் ஷெல்பி, வயது முப்பத்தொன்று. கடைக்கு வேலைக்கு வந்தாள், தங்கிவிட்டாள். உன்னை வரச்சொன்னது சான்றிதழ் சீக்கிரம் கிடைக்கட்டும் என்றுதான்.

காலையில் எழுந்ததிலிருந்து சிரிப்புதான் அவளுக்கு. உன்னைப் போல மாத்திரையை விழுங்கிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டைச் சாவு வீடாக்குகிறவள் இல்லை. கடைத் தபாலைப் பிரிப்பவளும் அவள்தான். உன் கடிதத்தை எனக்கு முன்னால் படித்துவிட்டு, "பாவம், அந்தம்மாவுக்கு என்ன குறைச்சல்?" என்றாள். "குறையே அவதான்" என்றேன். உன் கோப்பையைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

குழாயை மாற்றியாகிவிட்டது. புதுப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். நோயை மட்டும் பார். என் வீட்டுக் கக்கூஸை மோப்பம் பிடிக்காதே.

டுவேன்

டுலூத்
28 மார்ச் 2011

அன்புள்ள டுவேன்,

குழாயை நீ மாற்றவில்லை.

தொட்டியில் விட்டதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. கையை உள்ளே விட்டால் பொடிமீன் சிதறி அடிக்கு ஓடும். இவை நின்ற இடத்திலேயே நின்றன. மூளையை எடுத்துப் பார்த்தேன். உன் வீட்டில் நான் விழுங்கிய அதே மனச்சோர்வு மாத்திரை. முதல் பெட்டியில் இது இல்லை. என்னிடம் மிச்சமிருந்ததை நான் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

சிரித்துக்கொண்டே இருக்கிறாள் என்றாயே? அந்த மாத்திரைக்கு வர எனக்கு ஏழு வருஷம் பிடித்தது. அவளுக்கு ஒரு குளிர்காலம் போதுமாக இருந்திருக்கிறது. முடிவைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் உன் கடிதத்தை எடுத்து அவள் வயதை மறுபடி பார்த்தேன்.

மீனின் ஈரல் அந்த மருந்தை உடைத்து இன்னொன்றாக மாற்றும். மாறியது அதைவிட நாள்பட மூளையில் தங்கும். மீனுக்கு அதனால் எதுவும் குணமாவதில்லை, பயம் மட்டும் போய்விடும். நாரை வந்து நின்றாலும் ஓடாது. நானும் உன் வீட்டில் அப்படித்தான் இருந்தேன், போன வருஷம் தைரியமாகிவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

சான்றிதழ் கிடையாது. குழாயைப் பற்றிச் சுகாதாரத் துறைக்கு எழுதியாகிவிட்டது, ஆள் வருவார்கள். உன்னிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

தபாலை முதலில் பிரிப்பவள் அவள் என்று எழுதியிருந்தாய். ஆகவே, ஷெல்பி, மீதி உனக்கு. டுலூத் பஸ் காலையில் கடை வாசலிலேயே நிற்கும். பெட்டி கட்டாதே. நான் முதல் தடவை கட்டியபோது அவன் என் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஐஸ் ஓட்டைக்குள் போட்டான், சிரித்துக்கொண்டே. அதற்குப் பிறகும் திரும்பி வரப் பார்த்தவள் நான்.

உடுத்திய துணியோடு ஏறிவிடு. கோப்பை அங்கேயே இருக்கட்டும்.

லோர்னா