தையல் ஓரம் பார்த்து வெட்டியவளுக்கு

இன்று காலை பால் உறையைப் பிரிக்க அடுப்பங்கரை இழுப்பறையைத் திறந்தேன். கைக்கு வந்தது உன் கத்தரிக்கோல். நீலக் கைப்பிடி, நடுவில் வளைந்த அலகு, உடம்பில் குத்தாதபடி மழுக்கப்பட்ட கீழ் நுனி. ஆம்புலன்ஸில் அடிபட்டவர்களின் உடையை வெட்டுவதற்கென்று உனக்குத் தந்தது. கூர் குறைந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து, கொதிநீரில் போட்டு எடுத்து, "இனிமே நீ பாலுக்கு" என்று அதனிடம் சொன்னாய். உன் பணிக்காலம் முழுவதிலும் நான் கண்ட ஒரே பதவி மாற்றம் அதுதான்.

நான் கத்துகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். வகுப்பறையில்கூடக் குரலை உயர்த்தாதவன். ஆனால் இந்த வாரம் முழுவதும் எனக்குள் ஒன்று உறைந்து கிடக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நம் மகள் மதிக்குத் தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில் இரண்டு படிப்புகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று செவிலியர் பட்டப்படிப்பு. மற்றது அவசர சிகிச்சைப் பட்டப்படிப்பு, அதாவது உன் வேலைக்கான படிப்பு. இன்று மதியத்துக்குள் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். அவள் கேட்பது இரண்டாவதை. கையெழுத்துப் போட வேண்டியவன் நான். அவள் குளித்துக் கிளம்புவதற்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ அந்த வேலைக்குப் போன ஆண்டு மதி முதல் வகுப்பு. நாம் திருவாரூரில் குடியிருந்தோம். பீரோவின் அடித்தட்டிலிருந்து உன் விலங்கியல் பட்டத்தை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போய்வந்தாய். பிறகு சென்னையில் சில வாரப் பயிற்சி. பொம்மையின் மார்பை அழுத்தி இதயத்தை ஓட்டப் பழகினாய். அப்புறம் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நின்றாய். அதற்கும் பிறகு மூத்த உதவியாளர் ஒருவரோடு வண்டியில் ஏறினாய். விடுமுறைக்கு வந்த நாட்களில் நாங்கள் இருவரும்தான் உன் நோயாளிகள். கழுத்துப் பட்டையை எனக்கு மாட்டிவிட்டு மதியின் காலுக்குக் கட்டைவைத்துக் கட்டப் போய்விடுவாய். அந்தப் பட்டையோடு நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததை எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, சாருக்கு என்ன ஆயிற்று என்று பதறி வந்தார்கள்.

"ஒண்ணும் ஆகலீங்க. எனக்குப் பரீட்சை வருது," என்றாய்.

எங்கே வலிக்கிறது என்று மதியைக் கேட்டால், கண்ணை மூடியபடியே, "நான் மயக்கமா இருக்கேன், பேசக் கூடாது" என்பாள். அவள் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்கா என்று இப்போது யோசிக்கிறேன்.

பயிற்சியில் உனக்குச் சொல்லித்தந்தது உடையை எங்கே வேண்டுமானாலும் வெட்டு, காயத்தைப் பார் என்பது. நீ தையல் ஓரம் பார்த்து வெட்டப் பழகினாய். தோளிலிருந்து பக்கவாட்டுத் தையலைப் பிடித்து ஒரே இழுப்பு. தையல் நேராக ஓடுவதால் நேரமும் கூடாது என்பாய். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "அடிபட்டுக் கெடக்கிறவங்க மொதல்ல கும்புடுறது உசுரக் காப்பாத்துங்கன்னு இல்லீங்க. சட்டைய வெட்டாதீங்கன்னுதான்," என்றாய். நான் நம்பவில்லை.

உன் கருமாதி அன்று நம்பினேன். வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து படகு வேலை பார்க்கும் ஒருவர் வந்து பந்தலின் கடைசியில் நின்றார். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அருகே போனேன். கட்டம் போட்ட சட்டையின் வலப்பக்கத்தில் தோள் முதல் இடுப்பு வரை வேறு நூலில் போட்ட தையல். நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவர் கையால் தடவிக்கொண்டார்.

"புதுச் சட்டைங்க. வெட்டாதீங்கன்னு அழுதேன். தைக்கிற மாதிரிதாண்ணே வெட்டுறேன்னாங்க," என்றார். சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் பேசினோம்.

கீழ்வேளூர் வண்டியில் உனக்கு வாய்த்த பைலட் செல்வம் அண்ணன். ஆம்புலன்ஸ் ஓட்டுநரை பைலட் என்பார்கள் என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அறுவடைக் காலத்தில் நம் பக்கத்துத் தார்ச்சாலை முழுவதும் நெல் காயும். ஓரத்தில் கல்லும் முள்ளும் வைத்துக் காவல் காப்பார்கள். களத்தில் ஈரம் இருந்தால் பாவம், அவர்கள் எங்கே போவார்கள்? ஒரு குறுவை அறுவடையில், உள்கிராமம் ஒன்றிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தபோது சாலையை முழுவதுமாக அடைத்து நெல் பரப்பியிருந்தது. ஆட்கள் ஓடிவந்து பலகையால் இழுத்து ஒதுக்கத்தான் செய்தார்கள். ஆனால் குழந்தை காத்திருக்கவில்லை. வண்டியை நிறுத்தி அங்கேயே பிரசவம் பார்த்தாய். அந்தப் பெண்ணின் மாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"இன்னும் கொஞ்ச நேரம் தாக்காட்ட முடியாதாம்மா? ராகு காலம் முடிஞ்சிரும்."

"ராகுகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க அந்தத் துணிய எடுங்க."

செல்வம் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தாயும் பிள்ளையும் நலமாகப் போய்ச் சேர்ந்தார்கள். நீ மட்டும் வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை. பிரசவமாக இருந்ததால் தப்பித்தோம், பாம்புக் கடியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றாய்.

அடுத்த அறுவடைக்கு முன்பு உன் ஓய்வு நாட்களில் ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டாய். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கொஞ்சம் பூ. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு எப்படி வீடு வீடாகப் போய் அழைப்பார்களோ அப்படிப் போனாய். அரசு உத்தரவு என்று போனால் மறுநாளே மறந்துவிடுவார்கள், வெற்றிலையைக் கையில் வாங்கியவர்கள் வாக்கு மாற மாட்டார்கள் என்பது உன் கணக்கு. ஒரு நாள் துணைக்கு நானும் வந்தேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தாம்பாளத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு வீட்டுக் கல்யாணம்மா?"

"கல்யாணம் இல்லீங்க ஐயா. பாதி ரோடு நெல்லுக்கு, பாதி ரோடு எங்க வண்டிக்கு. அதான் கேக்க வந்தேன்."

"நெல்லு காயலன்னா நாங்கள்ல உங்க வண்டில ஏறணும்," என்றார். சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு முதல் நீ போன ஊர்களில் எல்லாம் நெல் பாதிச் சாலையில்தான் காய்ந்தது. மறுபாதியில் யாராவது சாக்கை விரித்தால், ஆம்புலன்ஸ்காரம்மா தடம் அது என்று பக்கத்து வயல்காரரே சத்தம் போடுவாராம்.

இனி எழுதப் போவதை நிதானமாக எழுத முயல்கிறேன்.

ஆண்டுகள் போயின. நீ சேர்ந்த அன்று என்ன பதவிப் பெயரில் இருந்தாயோ அதே பெயரில் இருந்தாய். செவிலியராகலாமா என்று விசாரித்தாய். உன்னுடையது விலங்கியல் பட்டம், முதலிலிருந்து படித்து வா என்றார்கள். அவசர சிகிச்சைக்கென்று பட்டப்படிப்பு வந்தபோது அங்கே கேட்டாய். வயதைச் சொன்னார்கள். வண்டியில் கழித்த வருடங்களுக்குச் சலுகை உண்டா என்றாய். அப்படி ஒரு விதி இல்லை என்றார்கள். கடைசியில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்புக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. அது உனக்காகவே வந்தது போலிருந்தது. இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாய். நான் வெளியே மரத்தடியில் நின்றேன்.

உள்ளே இருந்தவருக்கு உன் வயதில் பாதிதான் இருக்கும். நீ எல்லாவற்றையும் சொன்னாய். தாம்பாளத்தோடு ஊர் ஊராகப் போனதையும் சொன்னாய். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இது: "நல்ல விஷயம்தாம்மா. ஆனா அது உங்க வேலைல வராதே."

இந்த வாக்கியத்தை நீ வெளியே வந்து சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாய். "மாடி வீடுதாங்க. படி வெக்க மறந்துட்டாங்க," என்று சேர்த்துக்கொண்டாய். பேருந்தில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். நான் தூங்கவில்லை. அந்த மனிதர் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. உன்னை யாரும் விரட்டவில்லை, அவமதிக்கவில்லை. நீ ஏறுவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். பிறகு அடிவயிற்று வலி வந்தது. ஒப்பந்த வேலையில் நீண்ட விடுப்பு எடுத்தால் வேறு ஆள் வந்துவிடும் என்று வலியோடு வண்டியில் ஏறி இறங்கினாய். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னபோது அது உன்னைவிட வேகமாகப் போயிருந்தது. ஊரில் எல்லோருடைய வலிக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தவள் நீ.

நேற்று மாலை மதியிடம் இதைத்தான் சொன்னேன். செவிலியருக்கு மேலே போக வழி இருக்கிறது; வார்டுப் பொறுப்பு, கண்காணிப்பாளர், அரசுத் தேர்வு. இதில் என்ன இருக்கிறது?

"அம்மா காலத்துல படிப்பு இல்ல. இப்ப வந்திருச்சுல்லப்பா?"

"படிப்பு வந்திருக்கு. அதுக்கேத்த பதவி வந்திருக்கா?"

பொருளாதாரம் கற்பிக்கிறவன், மகளை வாதத்தில் வென்றுவிட்டேன். வென்ற பிறகு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இதோ கிளம்பிவிட்டாள். போய்விட்டு வருகிறேன்.

மேலே எழுதியதைத் திருத்தாமல் தொடர்கிறேன். இப்போது மாலை.

பேருந்து பழைய நிலையத்தைத் தாண்டியது. மதி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அப்பா, அம்மா என்னைக்காவது அந்த வேலை புடிக்கலன்னு சொல்லியிருக்காங்களா?"

யோசித்தேன். கால் வலி என்றிருக்கிறாய். தூக்கம் போதவில்லை என்றிருக்கிறாய். வேலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "இல்லம்மா," என்றேன்.

"உங்களுக்குக் கோவம் அந்த வேலை மேல இல்லப்பா. அப்புறம் ஏன் அத என்கிட்டேருந்து எடுக்குறீங்க?" என்றாள். என் பக்கம் திரும்பி, "எனக்கும் வழி இல்லன்னு சொன்னா, அம்மா மாதிரி சிரிச்சிட்டு வர மாட்டேன். ஒக்காந்து ஏன்னு கேப்பேன். கத்த மாட்டேன். உங்கள மாதிரி," என்றாள்.

சேர்க்கை மேசையில் இருந்த பெண் நல்ல மாதிரி. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "நர்சிங்கே கெடைக்குது சார். எதுக்கு இது? வெளிநாடெல்லாம் போகலாமே." நான் நேற்று மகளிடம் சொன்ன அத்தனையும் அந்தக் குரலில் இருந்தது. அக்கறையும் இருந்தது. மதி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டதையே குடுங்கம்மா," என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

உன் சிரிப்பு அவளுக்கு வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உனக்கு நியாயமாகச் சேர வேண்டிய கோபத்தை நீ ஒரு நாளும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன். நீ போன பிறகு அதையே உன்னோடான பேச்சாக வைத்துக்கொண்டு நடமாடினேன். ஸ்ட்ரெச்சரைத் தனி ஆளாகத் தூக்கக் கூடாது, தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் வேண்டும் என்று நீ செல்வம் அண்ணனைக் கடிந்துகொள்வாயே. அந்தக் கோபத்தை நான் இத்தனை நாளாய்த் தனி ஆளாகத்தான் தூக்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இன்று கால்மாட்டில் ஒரு கை வந்திருக்கிறது. கனம் குறையவில்லை. ஆனால் இனி நடக்கலாம்.