இரண்டு தடவை மறுப்பது மரியாதை

கெர்மான்
1981 ஜூன் 13

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி மொர்வாரித் அம்மாவுக்கு,

ஃபரங்கிஸ் எழுதுவது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் மகள் நலம். அவள் வயிற்றில் இருக்கும் ஆறு மாதப் பிள்ளையும் நலம். மருத்துவச்சி வந்து கைவைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். இனி மூச்சை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள்.

நிலநடுக்கம் என்று ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். அடி விழுந்தது கோல்பாஃப் பக்கம். அங்கே உதவிக்குப் போனவர்கள் இன்னும் மண்வெட்டி கேட்டுத்தான் திரும்பி வருகிறார்கள். இங்கே காலை பதினொன்று இருக்கும், முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தொட்டித் தண்ணீர் தானாகக் கரையேறி என் செருப்பை நனைத்தது. உள்ளேயிருந்து ஹொமா, "அத்தை, யாரோ கூரை மேல ஓடுறாங்க" என்றாள். "யாரும் ஓடலடி, நீ ஓடி வா!" என்று கத்தினேன். அவளோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். விரல் விரலாகப் பிரித்துத்தான் இழுத்து வந்தேன்.

வீடு நிற்கிறது. சமையலறைக் குவிமாடக் கூரையில் மட்டும் கை நுழையும் அளவுக்கு விரிசல். முற்றத்தில் படுக்கிறோம். கெர்மானில் ஜூன் மாதத்திலும் போர்வை வேண்டும், தெரியுமோ? உங்கள் யஸ்தில் இந்நேரம் சுவரில் முட்டையை உடைத்தால் பொரியும் என்று என் மகன் மெஹ்ரபான் உங்கள் பெண்ணைச் சீண்டுவானே, அதை நினைத்துச் சிரித்தோம். அவனிடமிருந்து கடிதம் வந்து நாற்பது நாளாகிறது. போர்முனையில் தபால் தாமதமாகும் என்கிறார்கள்.

ஹொமா உங்கள் பிள்ளை. தலைப்பிரசவத்துக்கு முன்கூட்டியே அழைத்துக்கொள்ள நினைத்தால் என் கதவு திறந்தே இருக்கிறது. உங்களுக்குச் சிரமமாகிவிடுமே என்றுதான் வற்புறுத்தவில்லை.

உங்கள் காலடியைக் கண்ணில் வைத்துக்கொள்ளும்,
ஃபரங்கிஸ்


யஸ்த்
1981 ஜூன் 22

என் கண்ணான சம்பந்தி ஃபரங்கிஸ் அம்மாவுக்கு,

பீரே சப்ஸ் மலைக்கோயிலுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது கதவிடுக்கில் உங்கள் கடிதம். செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன். மலையில் பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மூன்று பெயர் சொல்லியிருந்தேன்: ஹொமா, மெஹ்ரபான், ஃபரங்கிஸ். அந்த மூன்று பெயரும் ஒரே கடிதத்தில் உயிரோடு இருந்தன. என் வீட்டுக்காரர் பஹ்மன் அழுதார். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்றார்.

கல்யாணத்தில் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. ஊர் பார்க்க வருகிறவன் யஸ்தைப் பார்க்கட்டும், குடித்தனம் பண்ணுகிறவன் கெர்மானில் பண்ணட்டும் என்றீர்களே! வெளியூர்க்காரன் எங்கள் காற்றுக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு போகிறான், உண்மைதான். ஆனால் காற்றை உள்ளே இறக்கும் அந்தக் கோபுரத்தின் அடியில், நிலவறையில், கனாத்துச் சுரங்க வாய்க்கால் நீர் காலடியில் ஓட மத்தியானம் தூங்குகிறவர்கள் நாங்கள். உங்கள் குளிர் வானத்திலிருந்து வருகிறது, எங்கள் குளிர் மண்ணுக்குள் இருந்து. எங்கள் மண் அசையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

ஆனால் மகன் போரில் இருக்கும்போது மருமகளையும் பறித்துக்கொண்டு வர நான் என்ன கல்நெஞ்சக்காரியா? அவள் உங்கள் வீட்டு விளக்கு. நீங்கள் பெருந்தன்மைக்குச் சொன்னீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினால் நம் ஜரதுஷ்டிரர் தெரு முழுவதும் சிரிக்கும். அவள் உங்களோடே இருக்கட்டும்.

பஸ் டிரைவரிடம் பாதாம் வைத்த கொத்தாப் பலகாரம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பேரீச்சம்பழக் கொலும்பேயைவிட ருசியாக இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம், காலி பண்ணினால் போதும்.

அன்பு மாறாத,
மொர்வாரித்


கெர்மான்
1981 ஜூலை 1

அன்புள்ள சம்பந்திக்கு,

கொத்தாப் காலி. ஒப்புக்கொள்ளவில்லை.

பூமி இன்னும் அடங்கவில்லை. நாளுக்கு இரண்டு முறையாவது கீழே கனமாக எதையோ இழுத்துப்போகிற மாதிரி இருக்கிறது. எனக்கு இப்போதெல்லாம் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் வியாதி வந்துவிட்டது. படுக்கும்போது தலைத்துணியின் ஒரு முனையை ஹொமாவின் மணிக்கட்டிலும் மறுமுனையை என் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்கிறேன். அன்றைக்கு அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. பயந்தால் அவளுக்குக் கால் வேலை செய்யாது. அடுத்த தடவை நான் கடைக்குப் போயிருந்தால்?

கொத்தனார் வந்தார். "அம்மா, இந்தக் குவிமாடம் இன்னொரு உதறலைத் தாங்காது. ஆளு இல்லாத எடத்துல விழுந்தா செங்கல்லு, ஆளு இருக்கற எடத்துல விழுந்தா கல்லறை" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். கூலிகூட வாங்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

சம்பந்தி, கேளுங்கள். வந்து அழைத்துப்போங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். "அம்மா வந்து கூப்பிட்டா போறேன் அத்தை. நீங்க அனுப்பினா போகமாட்டேன். அனுப்பினா தொரத்தின மாதிரி ஆகும்" என்கிறாள். பிடிவாதம் உங்கள் பக்கத்துச் சொத்துதானே! நான் கூட வர முடியாது. மெஹ்ரபான் எழுதினால் இந்த முகவரிக்குத்தான் எழுதுவான், விடுப்பில் வந்தால் இந்தக் கதவைத்தான் தட்டுவான்.

உங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். வசதிப்படும்போது வாருங்கள்.

உங்கள்,
ஃபரங்கிஸ்


யஸ்த்
1981 ஜூலை 8

உயிருக்கு உயிரான சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். இது உபசாரமா, உள்ளமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "வசதிப்படும்போது" என்று முடித்திருக்கிறீர்கள். நிஜமாகவே அவசரமென்றால் அப்படி எழுதுவீர்களா?

பெட்டியை எடுத்து வைத்தேன். பஹ்மன் அதை மறுபடி பரணில் ஏற்றிவிட்டார். "ஒரு தடவ சொன்னா மரியாத. ரெண்டாவது தடவயும் மரியாததான். மூணாவதா சொன்னாத்தான் மனசு. அதுக்குள்ள போய் நின்னா, தனியா இருக்கற பொம்பளகிட்டேந்து மருமகளப் புடுங்கிட்டுப் போன குடும்பம்னு பேரு வரும். பொறு" என்றார். நாற்பது வருடமாக நாங்கள் அப்படித்தான் வாழ்கிறோம், நீங்களும்தான். என் தம்பி இரண்டு தடவை மறுத்த விருந்துக்கு மூன்றாவது தடவை யாரும் கூப்பிடாததால் பசியோடு திரும்பியிருக்கிறான்!

சிரிக்க எழுதுகிறேனே தவிரச் சிரிப்பு வரவில்லை. நிலவறையில் படுத்தால் மேலே இருக்கும் மண்ணின் கனம்தான் நினைவுக்கு வருகிறது. பிறந்த நாளிலிருந்து படுக்கிற இடம், இப்போது ஏறி வெளியே வந்துவிடுகிறேன்.

உங்கள் நல்ல மனதை நான் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது. ஹொமா உங்கள் துணைக்கு இருக்கட்டும். ஒரு பத்து நாள் பார்த்து எழுதுங்கள்.

மொர்வாரித்


கெர்மான்
1981 ஜூலை 13

மொர்வாரித்துக்கு,

நேராகவே எழுதுகிறேன். உன் பெண்ணை என்னால் வைத்துக்கொள்ள முடியாது.

ஒரு வேலைக்கும் உதவாதவளைக் கட்டிக்கொடுத்தாய். விடிந்தபின் எழுகிறாள், உட்கார்ந்த இடத்தில் தின்கிறாள், கேட்டால் வயிற்றைக் காட்டுகிறாள். இந்த ஊரில் பிள்ளை பெறாதவர்களே இல்லையா? உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, உங்கள் மனிதர்களும் அப்படித்தான். விருந்தாளி எழுந்து போனபிறகு சர்க்கரைக் கட்டியை எண்ணுகிற ஊர். வெளியே கோபுரம், உள்ளே பாதாளம். பார்க்கத்தான் லாயக்கு என்று கல்யாணத்தன்றே சொன்னேன், மரியாதைக்குச் சிரித்தபடி சொன்னதால் உங்களுக்கு உறைக்கவில்லை.

வந்து கூட்டிப்போ. பெட்டி வாசலில் இருக்கும். உள்ளே வர வேண்டாம், தேநீர் கிடையாது. இந்த வாரத்துக்குள் வராவிட்டால் நானே பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஏன் ஏற்றினேன் என்று அக்னிக் கோயில் வாசலில் நின்று சொல்வேன்.

ஃபரங்கிஸ்


யஸ்த்
1981 ஜூலை 19

கெர்மானில் இருக்கும் அந்த அம்மாளுக்கு,

வந்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டி சொன்னபடியே வாசலில் இருந்தது.

நீங்கள் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். "அத்தை, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று என் பெண் மூன்று தடவை கேட்டாள். திரும்பவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னீர்கள். ஆறு மணி நேரப் பயணம் முழுக்க அழுதாள். அழுகிற கர்ப்பிணியைப் பாலைவனத்து வெயிலில் கூட்டிவந்த தாயின் மனம் உங்களுக்குப் புரியாது, உங்களுக்கு மகள் இல்லை.

உங்கள் வீட்டுத் தண்ணீரில் ஒரு வாய்கூடக் குடிக்காமல் வந்தேன் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். மெஹ்ரபான் நல்லபடி திரும்பி வரட்டும். வந்து யஸ்தில் குடித்தனம் பண்ணட்டும். பேரனோ பேத்தியோ, உங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

இனி எழுத வேண்டாம்.

மொர்வாரித்


கெர்மான்
1981 ஜூலை 26

சம்பந்தி அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நான் எழுதியதில் ஒரு வார்த்தையும் உண்மையில்லை. ஹொமா எனக்கு முன்னால் எழுந்து தேநீர் போடுகிறவள். எட்டாம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் வந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து நாள் கணக்குப் போட்டேன். மூன்றாவது தடவையும் மரியாதையாக எழுதினால் நீங்கள் பஹ்மனைக் கேட்பீர்கள், அவர் யோசிப்பார், பதில் வர இன்னும் பத்து நாள். குவிமாடம் அதுவரை காத்திருக்குமா? நல்ல வார்த்தைக்கு நம் ஊர்களில் கால் கிடையாது. கெட்ட வார்த்தை மறுநாளே பஸ் ஏறிவிடும். அதனால் கெட்டதை எழுதினேன். எழுதும்போது எதையெல்லாம் சொன்னால் உங்களுக்கு வலிக்கும் என்று யோசித்து யோசித்து எழுதினேன், அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

முதுகைக் காட்டியது திரும்பினால் விட மாட்டேன் என்பதால். மகளில்லை என்று எழுதினீர்கள். இரண்டு வருடமாக இருந்தாள்.

ஹொமாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லுங்கள். அதுவரை என்னை வையட்டும்.

ஐந்தாறு நாளாக மண் அசையவில்லை. தெருவில் எல்லோரும் வீட்டுக்குள் படுக்கப் போய்விட்டார்கள், எனக்கும் முற்றத்தில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது, நேற்றிலிருந்து உள்ளேதான் படுக்கிறேன். மெஹ்ரபானிடமிருந்து இன்னும் ஒன்றுமில்லை. நம் டிரைவரிடம் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஃபரங்கிஸ்


யஸ்த்
1981 ஜூலை 30

என் ஃபரங்கிஸ்,

டிரைவர் உங்கள் கடிதத்தை நேற்றுத்தான் கொடுத்தார். அவர் கெர்மானை விட்டுக் கிளம்பியது இருபத்தெட்டாம் தேதி மத்தியானம். அன்று சாயங்காலம் இருட்டியபின் எங்கள் கூடத்து விளக்கு ஆடியது. அசையாத மண் என்று நான் பெருமையடித்த மண். பஹ்மன் ரேடியோவைத் திருகினார், கெர்மான் என்றது. முன்னைவிடப் பெரியது என்றது. அப்புறம் நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

தொலைபேசி கிடைக்கவில்லை. நீங்கள் என்னை எப்படித் திட்டினீர்களோ அதைவிட அதிகமாக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். "வந்து அழைத்துப்போங்கள்" என்று ஜூலை ஒன்றாம் தேதி எழுதினீர்கள். அன்றே வந்திருந்தால் உங்களையும் சேர்த்து இழுத்து வந்திருப்பேன். நான் இருந்து பேசியிருந்தால் வந்திருப்பீர்கள். முதுகைக் காட்ட வைத்துவிட்டேன்.

ஹொமாவிடம் சொல்லவில்லை. ஆனால் ரேடியோ அவளுக்கும்தான் கேட்கிறது. உங்களை இரண்டு வாரமாக வைதுகொண்டிருந்தவள், "அத்தை முற்றத்துலதான் படுத்திருப்பாங்க, இல்லம்மா?" என்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டாள். ஆமாண்டி என்றேன். நீங்கள் உள்ளே படுப்பதாக எழுதிய கடிதம் என் இடுப்பில் இருக்கிறது.

பஹ்மன் இன்று ரொட்டியும் போர்வையும் ஏற்றிப்போகும் லாரியில் வருகிறார். இந்தக் கடிதம் அவர் கையில் வருகிறது. மெஹ்ரபானுக்காகக் கதவிலோ, கதவு இல்லையென்றால் மரத்திலோ எங்கள் முகவரியை எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் லாரியில் ஏற வேண்டும். இது உபசாரமில்லை. வேண்டாம் என்று சொன்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், அவருக்கு முதுகுவலி, பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

வீடு எப்படி இருக்கிறதென்று தெரியாததால் உறையில் உங்கள் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். அவர் தெருவில் நின்று கூப்பிடுவார். ஒரு தடவை கூப்பிட்டதுமே பதில் சொல்லிவிடுங்கள்.

மொர்வாரித்