ஆந்தை வரும் என்று நினைத்தேன்

அன்புள்ள பூங்கோதைக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? மருந்தை நிறுத்திவிடாதே. போனில் பேசினால் குரலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று மோதி பாக் பூங்காவில் ஒரு கல்யாணப் பந்தல் போட்டோம். கயிறு கட்டும் முளைகளை எடுத்துவர லாரிக்குப் போனேன். மேஸ்திரி ராம்கிஷன் பின்னாலிருந்து இந்தியில், "ஆந்தி ஆயேகி, பையா!" என்று கத்தினார். ஆந்தை வந்தால் நமக்கென்ன? நீள முளைகளை விட்டுவிட்டு, தூக்க லேசான குட்டை முளைகளை எடுத்துவந்தேன். தண்ணீர் விட்டு ஊறிய புல்தரையில் இரண்டே அடியில் இறங்கின. பிறகு வேப்பமரத்தில் ஆந்தையைத் தேடிக்கொண்டு நின்றேன்.

இங்கே ஆந்தி என்றால் புழுதிக்காற்றாம். வானம் மஞ்சளானது. முளை பிடுங்கிக்கொண்டு பந்தலின் ஒரு மூலை எழும்ப, நான் கயிற்றைப் பிடித்தேன். என்னையும் தூக்கிவிட்டது. பயப்படாதே, ஒரு சாண் உயரம்தான். அந்த இரண்டு நொடியும் உடம்பில் எடையே இல்லை. காற்று தெற்கே பார்த்துத்தான் வீசியது. பிடியை விடாமல் இருந்தால் நம் வாசலில் இறக்கிவிடும் என்று தோன்றியது.

கால் தரையில் பட்டதும் லாரிக்கு ஓடி, விட்டுவந்த நீள இரும்பு முளைகளை எடுத்துவந்து சாய்த்து அடித்தேன். இனிப் பந்தலும் நகராது, நானும் நகர முடியாது.

கயிறு உள்ளங்கையைக் கொஞ்சம் உரசிவிட்டது. சுற்றிக்கொள்ள உன் பழைய நூல் சேலை ஒன்று வேண்டும். லாரி கிளம்புகிறது, கூப்பிடுகிறார்கள்.

சேலையைத் துவைக்காமல் அனுப்பு.

உன்
ஞானவேல்