டைம் கீப்பர் வீட்டுத் தேதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், நீயாகச் சொல்லப்போவதில்லை. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், கம்ப்யூட்டர்தான் ஒரு மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்து நேற்று எழுந்து உட்கார்ந்தது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே, என்ன இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவும் என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், பிறகு அழுவாய், நானும் அழுவேன், யார் எதைச் சொன்னோம் என்றே தெரியாமல் போய்விடும். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதற்காகத்தான்.

முதலில் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். உனக்கு அப்பா மேல் கோபம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நீ அவரிடம், இந்த ஊரிலேயே நிரந்தரமா இருந்துடலாமான்னு யோசிக்கிறேன்ப்பா, நீங்க என்ன சொல்றீங்க என்று மனதைத் திறந்து கேட்டாய். அந்த மனுஷன், நல்லது நல்லது, குடை எடுத்துட்டுப் போ என்று சொல்லி என் கையில் போனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நீ அவரிடம் பேசுவதில்லை, எடுத்தவுடன் அம்மாகிட்ட குடுங்க என்கிறாய். அவரும் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறார். கண்ணு, உன் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. ஆயுசு முழுக்க டிப்போவில் டைம் கீப்பர் வேலை, இரண்டு பக்கமும் பஸ் உறுமிக்கொண்டே நின்றால் காது என்ன இரும்பிலா செய்தது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார், போனில் ஒன்றும் நடக்காது. நீ என்ன சொன்னாலும் மூன்று பதில்தான் கைவசம் வைத்திருக்கிறார், நல்லது, குடை எடுத்துட்டுப் போ, இங்கேயும் மழைதான். அவளிடம் சொல்லாதே, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நான் சத்தியத்தை மீறிவிட்டேன், பாவம் எனக்கு வரட்டும், நீ அவர் மேல் கோபப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். காதில் மாட்டுகிற கருவி கொடுத்தார், அது வீட்டுப் பேச்சுக்கு ஆகிறது, போனைக் கிட்டே கொண்டுபோனால் விசில் அடிக்கிறது. டாக்டர் சொன்னார், கம்ப்யூட்டருக்கு ஒரு புரோகிராம் இருக்கும்மா, பொண்ணு அங்கே பேசப் பேச அந்தப் பேச்சு இங்கே எழுத்தாக வரும், முகத்தைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று. போனிலும் வருமாம், ஆனால் அந்த எறும்பு எழுத்தைப் படிக்க உன் அப்பாவுக்குக் கண்ணும் இல்லை பொறுமையும் இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அப்பாவும் மகளும் இந்த வாரமே பேசிவிடுவார்கள் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நம் கம்ப்யூட்டர் எந்தப் பக்கத்தையும் திறக்கவில்லை. எதைத் தட்டினாலும் பாதுகாப்பில்லை பாதுகாப்பில்லை என்று ஒரே புலம்பல். கேட்டால் உன் அப்பா, அது பழசு, ரொம்ப நாளாவே அப்படித்தான் என்றார். ரொம்ப நாளாக என்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குக் காது கேட்காதவர் ஆகிவிட்டார். அந்தக் காது இருக்கிறதே, வேண்டாதபோது மட்டும் சுத்தமாகச் செவிடு.

வேறு வழியில்லாமல் உன் திருப்புளிச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். எங்கே போனாலும் சட்டைப்பையில் திருப்புளி வைத்திருக்கிறவரை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அவர் தன் வீட்டில் அந்தப் புரோகிராமை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தார். அண்ணி, அஞ்சு நிமிஷ வேலை, காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுறேன் என்று உட்கார்ந்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு நீளமாக ஓடியது, ஓடி ஓடிக் கடைசி முனைக்குப் போய், பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு வந்து மயங்கி விழுகிற பிள்ளை மாதிரி விழுந்துவிட்டது. சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, கீழே ஏதோ சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஒரு வரி. சித்தப்பா அதைப் படிக்கவே இல்லை, இதெல்லாம் சும்மா பயமுறுத்தும் அண்ணி என்று மூடிவிட்டார். அணைத்துப் போட்டார், விழுந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார், விழுந்தது. வைரஸ் காவலை நிறுத்திவிட்டுப் போட்டார், விழுந்தது. பிறகு சூடுதான் காரணம் என்று பெட்டியைக் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் விசிறியைத் தேய்த்தார், ஹால் முழுக்கத் தூசி, எனக்கு இரண்டு நாள் தும்மல். காபி ஆறியது, அடுத்த காபியும் ஆறியது, அவர் வருவதும் போவதுமாக மூன்று வாரம் ஓடிவிட்டது. இதற்கு நடுவில் நீ போன் செய்தாய், அம்மாகிட்ட குடுங்க என்றாய், உன் அப்பா ஜன்னல் பக்கம் போனார்.

கடைசியாகச் சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு, இனி ஒரே வழிதான் அண்ணி, எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து புதுசா போட்டா குழந்தை மாதிரி ஓடும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அறை மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்கு அது எப்படிக் காதில் விழுந்ததோ, பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, யாரும் தொடக்கூடாது, இது என்னோடது என்று நின்றார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் என்னை யாரும் இப்படிக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றியதில்லை. சித்தப்பா ரோஷப்பட்டுத் திருப்புளியைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். செஸ் இருக்கு அதுல என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு இவரும் மாடிக்குப் போய்விட்டார். ஒரு விளையாட்டுக்காகப் பெற்ற பெண்ணின் பேச்சு வேண்டாமா என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் துணியை எடுத்துக் கம்ப்யூட்டரைத் துடைக்க ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் வந்தால் வீடு சுத்தமாகும், உனக்குத் தெரியாததா.

திரையின் கீழ் மூலையில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கும், நீ பார்த்திருக்க மாட்டாய், நீ போன பிறகு வந்தது. என் மருந்துக்கடைப் பிளாஸ்டர்தான். அங்கே கீறல் விழுந்திருக்கு, கையைக் கிழிச்சிடும் என்று அவரே ஒட்டியிருந்தார், நானும் நம்பினேன், சித்தப்பாவும் அதைத் தாண்டிப் பார்க்கவில்லை. அழுக்கேறி அசிங்கமாக இருந்ததால் பிய்த்தேன். கீறலும் இல்லை ஒன்றும் இல்லை. தேதி இருந்தது. நாள் முழுக்க மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிக் காலாவதித் தேதி பார்க்கிறவள் நான், கண் தானாக அங்கேதான் போகும். பார்த்தால் மூன்று வருஷம் முந்தைய தேதி. என் வீட்டு ஹாலில், என் மூக்குக்குக் கீழே, காலாவதியான ஒரு நாளை வைத்துப் பிளாஸ்டர் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் ஏன் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று புலம்பியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷம் எழுதிய புரோகிராமை மூன்று வருஷம் பின்னாடி நிற்கிற பெட்டிக்குள் போட்டால் அது எப்படி நம்பும். அது இன்னும் பிறக்கவே இல்லையே.

படியில் நின்று, இன்னைக்கு என்ன தேதி என்று கத்தினேன். உன் அப்பாவுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து சரியான தேதியைச் சொன்னார், கிழமையும் சேர்த்துச் சொன்னார். மேலே போய்ப் பிளாஸ்டரை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். மனுஷன் திருதிருவென்று விழித்தார். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. நீ ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் அவருக்கு ஒரு செஸ் விளையாட்டு போட்டுக் கொடுத்தாயே, அது ஒரு மாதம்தான் சும்மா ஓடுமாம், அதற்குப் பிறகு பூட்டிக்கொள்ளுமாம். அதை விற்ற கம்பெனியே இப்போது இல்லை, திறந்துவிட ஆள் கிடையாது. அந்த விளையாட்டுக்குள் நீயும் அவரும் ஆடிப் பாதியில் விட்ட ஆட்டம் இருக்கிறது. டாக்சி வந்து ஹாரன் அடித்தபோது நீ, ஆட்டத்தைக் கலைக்காதீங்கப்பா, வந்து ஜெயிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாயாம். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது இவர் தேதியைப் பின்னாடி தள்ளியிருக்கிறார். அது மறுபடி ஓடி வந்து சேரும்போது மறுபடி தள்ளியிருக்கிறார். இப்படியே மூன்று வருஷம். இரண்டு நிமிஷம் லேட்டாக எடுத்ததற்கு டிரைவர்களை நடுரோட்டில் நிறுத்தித் திட்டிய டைம் கீப்பர்! யோவ், ஊர் பஸ்ஸுக்கெல்லாம் மணி பார்த்த மனுஷனாய்யா நீ என்று கேட்டேவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை போய்விடும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பெட்டிக்குள்ள அவ இன்னும் ஊருக்குப் போகலை, தினமும் திறந்து பார்ப்பேன், அவ்வளவுதான் என்றார்.

எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னேன், பெட்டிக்குள்ள இருக்கிறவ பேச மாட்டா, வெளியே இருக்கிறவ அன்னைக்கு உங்களை ஒரு கேள்வி கேட்டா, நீங்க குடையைப் பத்திச் சொன்னீங்க, அதிலிருந்து அவ உங்ககூடப் பேசலை என்று. அவர் முகம் செத்துவிட்டது. இத்தனை நாளாக நீ வேலை அவசரத்தில் இருப்பதால்தான் அவரிடம் பேச்சை வளர்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்ன கேட்டா என்றார். நான் சொல்ல வாயெடுத்தேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவ கேட்டதை அவளே கேட்கட்டும், நான் படிச்சுக்கிறேன் என்றார்.

அப்புறம் அவரே எழுந்து பரணிலிருந்து பழைய மரச் செஸ் பலகையை இறக்கினார். திரையைப் பார்த்துப் பார்த்து உங்கள் ஆட்டத்தை அப்படியே அதில் அடுக்கினார். ஒரு யானையைக் காணோம், என் இருமல் மருந்து பாட்டிலின் மூடியை வைத்திருக்கிறார், அது உன் யானை, மறந்துவிடாதே. அடுக்கி முடித்துவிட்டு அவர் கையாலேயே தேதியைச் சரி செய்தார். மூன்று வருஷமும் ஒரே தட்டில் ஓடிவிட்டது. செஸ் பூட்டிக்கொண்டது. அவர், சரி, இப்பதான் கிளம்பினா என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புரோகிராமைத் திரும்பப் போட்டோம், பச்சைக் கோடு முனைவரை ஓடிப் போய், ஒரு முனகல்கூட இல்லாமல் முடிந்தது. அப்போது எனக்கு அந்தச் சித்தப்பாவின் பல் பிரஷ் ஞாபகம் வந்து வந்த சிரிப்பு இருக்கிறதே. அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை, விசிறியில் தூசி போனதால்தான் சரியாயிற்று என்று சொல்லியிருக்கிறேன். ரோஷமெல்லாம் பறந்துவிட்டது, நீயும் அதையே சொல்.

பேச்சு எழுத்தாகிறதா என்று பார்க்க நான் சமையலறையில் போனோடு நின்று பேசினேன், அவர் ஹாலில் உட்கார்ந்து படித்தார். எதைப் பேசுவது என்று தெரியாமல் மனதில் இருந்ததைப் பேசினேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, குளியலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவது, பிளாஸ்டர் திருடுவது என்று ஒன்று விடாமல் எல்லாம் வரி வரியாகத் திரையில் ஏறியிருக்கிறது. அந்த மனுஷன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முழுவதும் படித்துவிட்டு, சொன்னதை எல்லாம் எழுதுதே, கொஞ்சம் குறைச்சு எழுதச் சொல்ல முடியாதா என்று கேட்கிறார்.

ஆகவே கண்ணு, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிடாதே, கம்ப்யூட்டரில் வா. புரோகிராமின் பெயரையும் வரும் வழியையும் சித்தப்பா உனக்கு அனுப்புவார். நிதானமாகப் பேசு, வாயில் எதையாவது மென்றுகொண்டே பேசாதே, அதையும் சேர்த்துத் தப்பாக எழுதிவிடும். அன்றைக்குக் கேட்ட கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேள். அங்கேயே இருப்பதோ திரும்பி வருவதோ, இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம், ஆனால் என்னிடம் சொல்லாதே, அவரிடம் சொல். சனிக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போகிறாராம், உனக்குப் பதில் சொல்லத்தான் அத்தனை ஆயத்தம். இந்த முறையும் அவர் குடை எடுத்துட்டுப் போ என்று சொன்னால் கோபப்படாமல் எடுத்துக்கொண்டு போ, நீ கேட்டதை முழுவதும் படித்த பிறகு சொல்கிறார் என்று அர்த்தம்.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, படுத்துக்கொண்டு போன் பார்க்காதே, உன் அறைத்தோழியை விசாரித்ததாகச் சொல். நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நீ நினைத்தது நடந்து நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா

மறந்துவிட்டேன், உன் அப்பா இப்போதுதான் வந்து என் தோள் மேல் குனிந்து கேட்கிறார், அடுத்த நகர்த்தல் அவளோடதுன்னு எழுதினியா என்று. எழுதிவிட்டேன். பலகை சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கிறது, யாரும் கலைக்கக் கூடாதாம், நாங்கள் இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். சீக்கிரம் நகர்த்து.