கணக்குக்கு மேல் ஒரு டப்பா

அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் கார் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், உங்கள் வீட்டு மருமகளான என் மகள் சிவகாமி, வண்டியை வாங்க வந்திருந்த புதுச்சேரிப் பழைய கார் வியாபாரி. எதையும் எழுதி வைத்தே பழகிப்போனதால் இதையும் முதலில் எழுதிவிட்டேன். ஐந்தாவதாக நீங்களும் அங்கே இருந்தீர்களா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வண்டியைப் பிரித்துப் பாகம் பாகமாகக் கொடுத்துவிடுவது என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்திருந்தார். "டப்பா எல்லாம் நோட்டோட சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வியாபாரிக்காகத் தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்தார். நான் அலமாரிப் பக்கம் போனேன். வண்டியில் கழற்றிய சாமான்கள், நோட்டுப்படி நூற்று நாற்பத்து மூன்று டப்பாக்களில். எண்ணினால் நூற்று நாற்பத்து நான்கு வந்தது. ஒன்று குறைந்தால் எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கூடினால் என்ன செய்வது? மறுபடி எண்ணினேன். கீழ்த்தட்டில் ஒரு பெரிய டின்னுக்குப் பின்னால், சின்னப் பற்பொடி டப்பா ஒன்று. மற்றதிலெல்லாம் நான் காகிதச் சீட்டு ஒட்டிப் பேனாவால் எண் போட்டிருப்பேன். இதில் மஞ்சள் பெயிண்டில், லாரிக்கு நம்பர் எழுதுகிற மாதிரி கறுப்பு நிழல் வைத்து, 144 என்று இருந்தது. அப்படி எழுதுகிற கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மூடியைத் திறப்பதற்கு முன்னால் அந்த எண்ணை முந்தானையால் துடைத்துப் பார்த்தேன்.

இந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சிவகாமியை உங்கள் வீட்டுக்குக் கொடுத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த லால்பேட்டைக்காரர் ஒருவர் ஆசைப்பட்டுக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த அமெரிக்க வண்டி. இரண்டே கதவு, நீள மூக்கு, எட்டு சிலிண்டர், ஸ்டியரிங் இடது பக்கம். அவர் காலமான பிறகு ஒரு கீற்றுக் கொட்டகையில் கிடந்து, பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கடலூரில் எங்கள் வாசலில் லாரியிலிருந்து இறக்கியபோது எதிர்வீட்டுப் பெண், "என்னக்கா, தேவனாம்பட்டினத்துல படகு பத்தலன்னு இங்கயும் ஒண்ணு வாங்கிட்டீங்களா?" என்றாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் படகு.

அடுத்த ஞாயிறு நீங்கள் மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து வந்தீர்கள். சம்பந்தி முதல்முறையாக விருந்துக்கு வருகிறார் என்று நான் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றேன். இலை போட்டுவிட்டுக் கூப்பிட வந்தால், உங்கள் கால்கள் மட்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, வெள்ளை வேட்டியோடு தரையில் படுப்பவர் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது வேட்டியெல்லாம் கிரீஸ். "சம்பந்தி, கீழத் தகட்ட உப்புக் காத்து தின்னுடுச்சு. ஆனா எலும்பு நல்லா இருக்கு" என்றீர்கள். பிழைத்துவிடும் என்று மருத்துவர் சொன்னது போல அவருக்கு முகம் மலர்ந்தது. சோறு ஆறிப்போனதை இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவீர்கள். கையில் அண்ணி கொடுத்தனுப்பிய கொத்சு, தோளில் ஸ்பேனர் பை. முதல் சக்கரம் கழலும்போது ஒருவரையொருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டீர்கள். நான்காவது சக்கரம் கழல்வதற்குள் மச்சான் ஆகிவிட்டது. சண்டையும் அப்போதே தொடங்கிவிட்டது. அவருக்கு ஒவ்வொரு நட்டும் அது பிறந்த இடத்திலேயே இருக்க வேண்டும். உங்களுக்கு, கைக்கு வந்த வண்டியில் நம் கை தெரிய வேண்டும். கருநீல உடம்பில் மூக்கிலிருந்து டிக்கி வரைக்கும் இரண்டு பட்டைக் கோடு போட வேண்டும் என்று நீங்கள் சொன்னதும், "இது லாரி இல்ல மச்சான், சவுண்ட் ஹாரன்னு எழுதறதுக்கு" என்றார் அவர். "ஆமா, உங்க ஆலை பாய்லர் மாதிரியே விட்டுடுங்க, ரோட்டுல யாரு திரும்பிப் பாப்பா?" என்று நீங்கள். என்ன நிறக் கோடு என்று நான் கேட்டபோது மட்டும், வண்டி ஓடட்டும், வெள்ளை வேணுமா சிவப்பு வேணுமா என்று அதுவே கேட்கும் என்று சொல்லிவிட்டீர்கள்.

கழற்றியதையெல்லாம் நீங்கள் சாக்கில் போட்டுக் கட்டுவதைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். வீட்டில் சேர்ந்திருந்த காலி டப்பாக்களைக் கொண்டுவந்தேன். பிள்ளையார் சுழி போட்டு ஒரு நீள நோட்டு ஆரம்பித்தேன். எண், என்ன சாமான், எங்கிருந்து எடுத்தது, யார் எடுத்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனாலும் இந்த வண்டியைப் பழுது பார்ப்பது பற்றிச் சிவகாமி அச்செடுத்துக் கொடுத்த ஆங்கிலப் புத்தகத்தை, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வாசித்தேன். பிரதோஷ விரதத்தன்று பசி தெரியாமல் இருக்க அது நன்றாக உதவியது. "தங்கச்சி இல்லன்னா நாம ரெண்டு பேரும் பழைய இரும்புக் கடதான் மச்சான்" என்று நீங்கள் அவரிடம் சொன்னதைச் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டேன். அதை நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே இருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் வாயால் உங்களிடம் சொன்னதில்லை.

கார்புரேட்டரைப் பிரித்து வைத்திருந்த வாரம் அது. வெள்ளிக்கிழமை பூஜைச் சாமான் விளக்க உட்கார்ந்தேன். ஜெட் என்று நீங்கள் சொல்லும் பித்தளைச் சாமான்கள், பெட்ரோலை அளந்து விடுகிறவை, தோட்டுத் திருகு அளவில் டப்பாவில் கறுத்துக் கிடந்தன. பித்தளை கறுத்துக் கிடந்தால் என் கை சும்மா இருக்குமா? குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தேன். தங்கம் மாதிரி வந்தது. நடுவில் இருந்த துளை அடைத்திருப்பது போலத் தெரிந்தது. மாலை கோர்க்கிற ஊசியை விட்டுக் குடைந்தேன். இரண்டாவதில் ஊசி முனை முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டது. இன்னொரு ஊசியால் திருகித் திருகித் தள்ளினேன். துளை தெரிந்தது, முனை கீழே எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்தேன். முருகா என்று பெருமூச்சு விட்டு டப்பாவில் திரும்ப வைத்தேன். அந்தத் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு கெட்டுவிடும் என்று புத்தகத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

ஆடி மாதம் முதன்முதலாக வண்டியைக் கிளப்பினீர்கள். பம்பரில் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் நான்தான் வைத்தேன். உறுமியது. அடுத்த நிமிடம் கொட்டகை முழுக்கக் கரும்புகை. தெருவெல்லாம் பெட்ரோல் வாடை. நீங்கள் கார்புரேட்டரைத் திறந்தீர்கள். அடித்தொட்டியிலிருந்து விரல் நுனியில் எதையோ எடுத்துப் பார்த்தீர்கள். பிறகு, காபித் தட்டோடு நின்றிருந்த என்னைப் பார்த்தீர்கள். அதன் பிறகு கையை மூடிக்கொண்டீர்கள்.

அவர் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "இதத் துளைச்சது யாரு? லாரிக்குப் பண்ற மாதிரி பிக்கப் ஜாஸ்தி வேணும்னு பெரிசு பண்ணீங்களா?" என்றார்.

"ஆமா மச்சான். கொஞ்சம் பெரிசு பண்ணிப் பாத்தேன். தப்புதான்" என்றீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை, அண்ணா. பெண்ணைக் கொடுத்த இடத்தில் என் மரியாதை போய்விடும் என்று பயந்தேன். நோட்டுப் போட்டுப் பெயர் வாங்கியவள் இப்படிச் செய்துவிட்டாள் என்று அவர் நினைப்பாரே என்று வெட்கப்பட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அவரோ, என் வண்டியில் எனக்குத் தெரியாமல் கை வைத்துவிட்டாரே என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு நீங்கள் வரவில்லை. கார்புரேட்டரும் பிளக்குகளும் மறுபடி டப்பாவுக்கே போயின. தீபாவளிக்குப் பார்த்துக்கொண்டபோது "வாங்க சம்பந்தி" என்றார். நீங்களும் "நல்லா இருக்கீங்களா சம்பந்தி" என்றீர்கள். என் காதில் அது யாரோ இருவர் பேசுவது போல விழுந்தது. நாளை, நாளை என்று நான் தள்ளியது ஆறு மாதம் ஆயிற்று.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்குச் சாமி பார்க்க எல்லோரும் வந்தீர்கள். கிளம்பும்போது, கொட்டகையை ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கிறேன் என்று நீங்கள் மட்டும் பின்பக்கம் போனது நினைவிருக்கிறது. பங்குனியில் ஒருநாள் போன் செய்தீர்கள். சிவகாமியைப் பற்றிப் பேசிவிட்டு, வைக்கும்போது, "தங்கச்சி, டப்பாவெல்லாம் எண்ணிட்டியா?" என்று கேட்டீர்கள். "எண்ணி என்ன ஆவப் போவுது அண்ணா" என்றேன். சிரித்தீர்கள். "நேரம் கெடச்சா எண்ணு" என்றீர்கள். பத்து நாள் கழித்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் உங்களுக்கு மாலை போட்டுவிட்டு, திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு தார்ப்பாயை எடுக்கவே இல்லை.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். உள்ளே பஞ்சில் சுற்றி இரண்டு புது ஜெட். முறிந்த ஊசி முனை. உங்கள் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு: "தங்கச்சி, சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாகத் தேடிப் பிடித்தேன். அளவு சரி. இதையும் புளி போட்டு விளக்கிவிடாதே. ஊசி பூவுக்கு மட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. வெளியே வியாபாரி பானெட்டைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இன்னொரு நாளைக்குத் தள்ள என்னிடம் நாள் இல்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் வைத்தேன். "அந்த ஜெட்டத் துளைச்சது அவரு இல்லீங்க. நான்தான்" என்றேன். சிவகாமி எதிரில், முன்பின் தெரியாத ஒருவர் எதிரில், புளியிலிருந்து ஊசி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் சீட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். கோபப்படுவார் என்று நின்றேன். மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். "ஆமாம்" என்றேன். "நான் கேட்ட மாதிரிக்கு யாருதான் சொல்லியிருப்பா" என்று அவரே சொன்னார். சிவகாமி என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த மரியாதை போய்விடும் என்று பயந்தேனோ, அது என் பெண்ணின் கை வழியாகத் திரும்பி வந்தது போல இருந்தது.

வியாபாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அய்யா, குடுக்கறீங்களா இல்லையா? எனக்கு பஸ்ஸப் புடிக்கற அவசரம் இல்ல, வேன்லதான் வந்தேன். இருந்தாலும் கேக்கறேன்" என்றார்.

"வேன்ல பேட்டரி நல்லா இருக்கா?" என்று கேட்டார் உங்கள் சம்பந்தி.

அந்த மனிதர் நல்லவர், அண்ணா. வந்த வேலை கெட்டதென்று முணுமுணுத்துக்கொண்டே தன் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தார். சிவகாமி பெட்ரோல் வாங்கி வந்தாள். என் வீட்டுக்காரர் பிளக்குகளைத் துடைக்க, நான் நோட்டைப் பார்த்து எண் சொல்லிச் சொல்லி டப்பாக்களை எடுத்துக் கொடுத்தேன். புது ஜெட்டை என்னையே உட்கார வைக்கச் சொன்னார். விரலாலேயே திருகி, கடைசிச் சுற்றுக்கு மட்டும் அவர் திருப்புளி போட்டார். மாலை நாலு மணிக்குச் செல்ஃப் அடித்தார். இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. கரும்புகை இல்லை. எட்டு சிலிண்டரும் ஒன்றாக, அடிவயிற்றில் கேட்கிற அந்தச் சத்தம். எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்துவிட்டாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கக் காலி இடத்தைப் பார்த்து, "கேட்டீங்களா மச்சான்" என்றார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டேன்.

வண்டியின் முதல் ஓட்டம் சிதம்பரத்துக்கு, உங்கள் வீட்டு வாசலுக்கு. அண்ணியை ஏற்றிக்கொண்டு நான்கு வீதியும் சுற்றி வருவது என்று முடிவாகியிருக்கிறது. கோடு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொன்னது நான் இல்லை, அவர். நூற்று நாற்பத்து நான்காவது டப்பாவை நோட்டில் ஏற்றிவிட்டேன். யார் எடுத்தது என்ற இடத்தில் என் பெயர். யார் வைத்தது என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு, அதில் உங்கள் பெயர். ஜெட் வண்டிக்குப் போய்விட்டது. ஊசி முனை என் குங்குமச் சிமிழில் இருக்கிறது. தினமும் நெற்றிக்கு இடும்போது விரலில் தட்டுகிறது. சொல்ல வேண்டியதை அன்றன்றே சொல்லிவிடுகிறேன் இப்போதெல்லாம். குழம்பில் உப்பு கூடினால்கூட.

கேட்க வேண்டியது ஒன்றுதான். கோடு வெள்ளையா, சிவப்பா என்று நீங்கள் சொல்லாமலே போய்விட்டீர்கள். வெள்ளிக்கிழமை தெருமுனை அம்மன் முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி வைக்கப் போகிறேன். சிவகாமி ஒன்றை எடுப்பாள். பெயிண்டர் சனிக்கிழமை காலை வருகிறார். அதற்குள் பதில் சொல்லிவிடுங்கள், அண்ணா.