குட்டப்பன் நெற்றியில் சொட்டு நீலம்

சங்கரி,

குட்டப்பனை இழுத்துக்கொண்டு பஜாருக்குப் போகிறேன். வெறிநோய் ஊசிக்காரர்கள் இன்று அங்கேதான். நாயைக் காணோம் என்று தெருவெல்லாம் கத்தாதே.

நேற்று நம் சந்தில் ஊசி போட்ட நாய்க்கெல்லாம் நெற்றியில் நீலக் குறி வைத்தார்கள். குட்டப்பனுக்கு மட்டும் ஊசிக்கு முன்பே குறி இருந்தது. "இதினு கழிஞ்ஞு", இதற்குப் போட்டாயிற்று என்று தாண்டிப் போய்விட்டார்கள். இன்று காலை அவன் என் வேட்டியில் முகத்தைத் தேய்த்தான். வேட்டி நீலம்! யார் வேலை என்று கேட்கமாட்டேன். சொட்டு நீலம் உன் விரலிலும் இருக்கிறது.

அவர்கள் குறி அப்படி அழியாது, அறிவுகெட்டவளே. வைப்பின் தீவில் குறி வைத்த நாய் ஒன்று காயலில் குதித்தது. ஒரு வாரம் மீனெல்லாம் நீலமாகவே கிடைத்தது. குறி மட்டும் அப்படியே இருந்தது. நானே பார்த்தேன்.

"வாயில்லா ஜீவன், வலிக்குமே" என்பாய். நம் பேத்தி அம்மு பிஸ்கட்டில் அவனுக்கு ஒரு கடி, தனக்கு ஒரு கடி என்று தின்கிறாள். நாளைக்கு அவனுக்கு வெறி பிடித்து, அவள் கையைக் கடித்தால்? அந்த நோய் முற்றினால் எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது. உன் இரக்கத்தில் இடி விழ.

சாயா ஃபிளாஸ்கில். எனக்குச் சோறு வேண்டாம். உன்னோடு பேச்சும் இல்லை.

பி.கு: மீன்கறி என்றால் கொஞ்சம் எடுத்து வை.

இன்னொன்று: ஊசி குத்தும்போது அவன் தலையை என் மடியில் வைத்துக்கொள்வேன். அவன் அழுதால் உன்னிடம் சொல்லமாட்டேன்.